பாலிசியை யாரிடம் வாங்குவது: ஏஜென்டா, ஆப்பா, வங்கியா?

எங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேறு யாருமில்லை, பெரியப்பா மகன், எனக்குத் தம்பி முறை. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். 2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். சாப்பிட்டு முடித்த கையோடு ப்ரப்போசல் ஃபார்மை விரித்து, அப்பா அம்மா இரண்டு பேருக்கும் மருத்துவக் காப்பீடு எழுத ஆரம்பித்தான். உயர் ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்கும் கட்டம் வந்தது. தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்திலேயே அப்பாவின் பிரஷர் மாத்திரை அட்டை கிடக்கிறது, நாலு மாத்திரை பிதுக்கி எடுத்தது போக மிச்சத்தோடு. அதைப் பார்த்துக்கொண்டே 'இல்லை' என்று டிக் அடித்தான். "எழுதினா மெடிக்கல் டெஸ்ட் வைப்பாங்க சித்தப்பா, லேட்டாகும். பிரஷர் இப்ப யாருக்குத்தான் இல்ல?" அப்பா கையெழுத்துப் போட்டார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

2022இல் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டிவந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியே 'எட்டு வருடமாக உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்' என்றுதான் தொடங்கியது. கிளெய்ம் நிராகரிப்பு, கூடவே பாலிசியும் ரத்து. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கையிலிருந்து போனது. தம்பி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனான். என்ன சொல்ல முடியும்? அடுத்த மாதம் அவன் தங்கைக்குக் கல்யாணம், நாங்கள்தான் முன்னால் நின்று செய்தோம்.

அதற்குப் பிறகு ஏஜென்ட் என்றாலே எனக்கு ஒவ்வாமை. அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு பாலிசி, ஆன்லைனில் நானே எடுத்தேன். அப்புறம் 2025இல் அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை வந்தபோது அந்த முடிவையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். இடைப்பட்ட காலத்தில் அரசும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் இந்தத் துறையில் நிறைய மாற்றிவிட்டார்கள். அதனால் 'யாரிடம் வாங்குவது' என்ற கேள்விக்கு நாலைந்து வருடத்துக்கு முன் சொன்ன பதில் இன்றைக்குப் பொருந்தாது.

என்னென்ன மாறியது?

வாங்குகிறவருக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். 2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகும் அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காத காலம்) அதிகபட்சம் 4 வருடம் என்றிருந்தது 3 வருடமாகக் குறைந்தது. முன்பு 65 வயதைத் தாண்டிவிட்டால் புதிதாகப் பாலிசி கிடைப்பதே கஷ்டம். இப்போது எல்லா வயதுக்காரர்களுக்கும் ஏதாவது ஒரு பாலிசியை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்று விதி. பாலிசியை விடாமல் 5 வருடம் கட்டிவிட்டால், 'நீங்கள் அந்த நோயை மறைத்துவிட்டீர்கள்' என்று சொல்லிக் கிளெய்மைத் தள்ள முடியாது, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய. இது முன்பு 8 வருடமாக இருந்தது. எங்கள் அப்பா விஷயத்தில் மூன்றே வருடம்தான் ஆகியிருந்ததால் பழைய விதியோ புதிய விதியோ, இரண்டுமே காப்பாற்றியிருக்காது.

2024 மே மாதம் வந்த சுற்றறிக்கை இன்னும் முக்கியம். கேஷ்லெஸ், அதாவது பில்லை நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது, கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சமயத்தில் இறுதி அனுமதியை 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதைத் தாண்டித் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். கிளெய்ம் பரிசீலனைக் குழு ஒப்புக்கொள்ளாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. பாலிசி கையில் வந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடைசியாக ஜிஎஸ்டி. தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. 25,000 ரூபாய் பிரீமியத்துக்கு 29,500 கட்டிக்கொண்டிருந்தவர் இப்போது 25,000 கட்டினால் போதும். நமக்கு நல்லதுதான். ஆனால் இதில் ஏஜென்டுக்கு ஓர் அடி விழுந்தது. பிரீமியத்துக்கு வரி இல்லை என்றால், நிறுவனம் தன் செலவுகளுக்குக் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்தச் சுமையைப் பல நிறுவனங்கள் விற்பனை செய்பவர்கள் பக்கம் தள்ளின. கொடுக்கும் கமிஷனுக்குள்ளேயே ஜிஎஸ்டியும் அடக்கம் என்று கணக்கை மாற்றின. கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதே 25,000 ரூபாய் பாலிசிக்கு முன்பு 3,750 ரூபாய். புதிய கணக்கில் சுமார் 3,178. ஒரு பாலிசிக்கு 572 ரூபாய் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். முந்நூறு பாலிசி வைத்திருப்பவருக்கு அது வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் லட்சம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏஜென்டின் வருமானம் எதிலிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அவர் சொல்வதை எடைபோட முடியும். அதையேதான் ஆப்புக்கும் வங்கிக்கும் கேட்க வேண்டும்.

ஏஜென்டே தேவைப்படாத இடம்

எதை ஒப்பிடுவதற்கும் முன்னால் அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பார்த்துவிடுங்கள். இதில் ஏஜென்டுக்கு வேலையே கிடையாது.

தமிழ்நாட்டில் இது 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்ததை 1,20,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. டெண்டர் விட்டு நிறுவனத்தைத் தேர்வு செய்கிறது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதான். நடுவில் யாராவது 'வாங்கித் தர்றேன், ஐந்நூறு கொடுங்க' என்றால் அவருக்கும் திட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் தரும் வய வந்தனா அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் எடுக்கலாம். உங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரி இதை ஏற்றுக்கொள்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அட்டைகளில் எல்லாச் சிகிச்சையும் வராது, எல்லா ஆஸ்பத்திரியும் வராது. சிகிச்சைக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்த தொகைதான். கையில் அட்டையும் இருக்கட்டும், வசதி இருந்தால் பாலிசியும் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் மாதம் ஒன்பதாயிரம் சம்பாதித்து ஒரு குடும்பத்தை ஓட்டுகிறவரிடம் முதலில் அட்டையைப் பற்றிச் சொல்லாமல் இருபதாயிரம் ரூபாய் பாலிசியை நீட்டுகிற ஏஜென்டை நான் நம்ப மாட்டேன். கமிஷன் வராத விஷயத்தை வாயைத் திறந்து சொல்கிறாரா என்று பாருங்கள். ஏஜென்டைச் சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஆப்பில் வாங்குவது

அம்மாவின் பாலிசியை நான் எடுத்தது ஒரு ஒப்பீட்டுத் தளத்தில். அதன் சௌகரியத்தைக் குறை சொல்ல மாட்டேன். பத்துப் பதினைந்து பாலிசியை ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா, கோ-பே (பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு, காத்திருப்பு எத்தனை வருடம் என்று எல்லாம் தெரியும். ஒரு தனிப்பட்ட ஏஜென்டால் இதைச் செய்ய முடியாது. சட்டப்படி அவர் ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்ற கணக்கில்தான் வேலை செய்யலாம். அதாவது மருத்துவப் பாலிசி என்று எடுத்தால் அதிகபட்சம் இரண்டு கடைச் சரக்குதான் அவர் பையில் இருக்கும். 'மார்க்கெட்லயே இதுதான் பெஸ்ட்' என்று அவர் சொன்னால், அவர் பார்த்த மார்க்கெட்டே அவ்வளவுதான்.

நோய் விவரத்தை நீங்களே டைப் செய்வது இன்னொரு நல்ல அம்சம். எங்கள் தம்பி மாதிரி யாரும் குறுக்கே வந்து டிக் அடிக்க முடியாது. அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் முடிக்கலாம் என்று விட்டால் போன் வர ஆரம்பிக்கும். ஒரு நாளில் ஐந்து அழைப்பு. அதில் ஒரு பையன், அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை உண்டு என்றதும், 'சார், அது சின்ன விஷயம், போடாம விட்டா சீக்கிரம் இஷ்யூ ஆகிடும்' என்றான். சாப்பாட்டு மேசையில் கேட்ட அதே வசனம்! பேசுகிறவனுக்கு மாத இலக்கு இருக்கிற வரை ஹெட்செட் மாட்டினாலும் வாய் அதையேதான் சொல்லும். நான் தைராய்டைப் போட்டேன். பாலிசி மூன்று நாள் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒப்பீட்டுத் தளங்களில் சில, தரகர் உரிமம் வைத்திருக்கின்றன. ஏஜென்ட் நிறுவனத்தின் ஆள், தரகர் வாடிக்கையாளரின் ஆள். சட்டம் அப்படித்தான் பிரிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தரகருக்கும் பணம் தருவது நிறுவனம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே நேரடியாக வாங்கலாம். நடுவில் ஆள் இல்லாததால் சில நிறுவனங்கள் கொஞ்சம் தள்ளுபடி தருவதும் உண்டு. பாலிசி வாசகங்களைப் பொறுமையாகப் படிக்கிற ஆளுக்கு இது போதும். ஆணையத்தின் முயற்சியில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து பீமா சுகம் என்று ஒரு பொதுச் சந்தையையும் கொண்டுவர முயல்கின்றன. 2025 செப்டம்பரில் அதன் இணையதளத்தைத் திறந்தார்கள். வாங்குவது, புதுப்பிப்பது, கிளெய்ம் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும் என்பது திட்டம். அது முழுமையாக ஓட ஆரம்பித்தால் இந்தக் கட்டுரையின் பாதியைத் திருத்த வேண்டியிருக்கும்.

வங்கி

சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு வங்கியில் மருத்துவப் பாலிசி வாங்குவதில் உடன்பாடில்லை. கவுண்டரில் சொல்கிற பாலிசி பெரும்பாலும் குரூப் பாலிசியாக இருக்கும். பிரீமியம் குறைவாகத் தெரியும். ஆனால் உங்கள் கையில் இருப்பது சான்றிதழ் மட்டும்தான், மூலப் பாலிசி வங்கிக்கும் நிறுவனத்துக்கும் இடையில். அவர்கள் ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டால் அடுத்த வருடம் நீங்கள் வேறு நிபந்தனைக்குப் போக வேண்டிவரும். ஜிஎஸ்டி விலக்கும் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்குத்தான், குரூப் பாலிசிக்கு இல்லை. அடுத்த வருடம் கிளெய்ம் என்று போய் நின்றால், பாலிசி விற்ற அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார். லோன் வேண்டும், லாக்கர் வேண்டும் என்றால் பாலிசியும் எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. எழுத்தில் தரச் சொல்லுங்கள், பேச்சே நின்றுவிடும்.

சரி, ஏஜென்டுக்கு வருவோம்

அம்மாவின் அறுவை சிகிச்சை திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு டாக்டர் 'வீட்டுக்குப் போகலாம்' என்றார். பையெல்லாம் கட்டியாயிற்று. கீழே இன்ஷூரன்ஸ் டெஸ்கில் கேட்டால், 'அப்ரூவல் வரலை சார்.' ஒரு மணிக்குக் கேட்டேன், அதே பதில். இரண்டரைக்கும் அதே. தளத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டால் ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, இந்திக்கு இரண்டை அழுத்து என்று போய், கடைசியில் ஒரு பெண் 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது' என்றாள். மூன்று மணி நேர விதி எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கத்தவும் செய்தேன். கத்தி என்ன பயன்? யாரிடம் கத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டிக்கும் அன்றைக்கே டிஸ்சார்ஜ். அவர்கள் வீட்டு ஏஜென்ட், உறையூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்த ஓர் அக்கா, ஐம்பது வயது இருக்கும், கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு ஃபைல். அவர் வேலை முடிந்து கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு தம்பி?" என்றார். சொன்னேன். நேராக டெஸ்குக்குப் போய்க் கத்தவெல்லாம் இல்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஃபைனல் பில் எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?"

டெஸ்க் பையன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். பில் பன்னிரண்டு ஐம்பதுக்குத்தான் போயிருக்கிறது. ஒன்றே காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வியும் வந்திருக்கிறது, அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகல் வேண்டும் என்று. அந்த மெயில் திறக்கப்படாமலே கிடந்தது. அக்கா வார்டுக்குப் போன் போட்டு நகலை வரவழைத்து, பையன் அதை அனுப்பும் வரை அங்கேயே நின்றார். நாலு மணிக்குள் அனுமதி வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. மூன்று மணி நேரக் கடிகாரம் டாக்டர் 'போகலாம்' என்று சொன்ன நேரத்தில் ஓட ஆரம்பிப்பதில்லை. ஆஸ்பத்திரி பில்லை அனுப்பிய நிமிடத்தில்தான் ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரு கேள்வி வந்து பதில் போகாமல் கிடந்தால், தாமதம் யாருடையது என்று ஆளுக்கு ஆள் கையைக் காட்டலாம். சீர்திருத்தம் நம் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அதை டெஸ்க் முன்னால் நின்று பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம், ஏஜென்டாக இருக்கலாம். ஆப் அங்கே நிற்காது.

அந்த அக்காவிடம் பிறகு நிறையப் பேசினேன். பத்தொன்பது வருடமாக இந்த வேலை. புதுப் பாலிசி பிடிப்பதைவிட ரினிவல் கமிஷன்தான் தனக்குச் சோறு என்றார். மருத்துவப் பாலிசியில் வருடா வருடம் ரினிவல் ஆகும்போதெல்லாம் ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு. ஆகவே வாடிக்கையாளர் பத்து வருடம் நிலைத்தால்தான் அவருக்கு லாபம். கிளெய்ம் கிடைக்காதவர் ரினிவல் பண்ண மாட்டார். தொழிலில் நீடிக்க வந்தவர் ஃபார்மில் பொய் எழுத மாட்டார் என்பதற்கு இதுதான் காரணம், நல்லொழுக்கம் இரண்டாவதுதான். எங்கள் தம்பி இரண்டு வருடத்தில் ரியல் எஸ்டேட்டுக்குப் போய்விட்டான். அவன் எழுதிய பாலிசிகள் எல்லாம் அனாதை பாலிசிகள்.

ஃபார்மில் நோயை எழுதுவது மட்டுமல்ல, ரூம் வாடகையையும் நல்ல ஏஜென்ட் முன்கூட்டியே சொல்லிவிடுவார். இது பலர் ஏமாறுகிற இடம். பாலிசியில் நாள் வாடகை வரம்பு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கிவிட்டீர்கள். 3,000 ரூபாய் வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்றுதானே நினைப்போம்? இல்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அவை 1,20,000 ரூபாய் என்றால் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 75,000தான் வரும். 45,000 உங்கள் கையிலிருந்து. மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகளுக்கு இந்த விகித வெட்டு கூடாது என்று ஆணையம் சொல்லியிருக்கிறது. பில்லில் அதையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. அட்மிஷன் போடும்போதே 'இந்த ரூம் வேண்டாம்க்கா, ஷேரிங் ரூம் கேளுங்க' என்று போனில் சொல்பவர் இருந்தால் இன்னும் நல்லது.

இதற்காக எல்லா ஏஜென்டும் அக்கா போல என்று சொல்ல வரவில்லை. கமிஷனுக்கு முன்பு மருத்துவப் பாலிசியில் 15 சதவீத உச்சவரம்பு இருந்தது. 2023 ஏப்ரல் முதல் அந்தத் தனி வரம்பை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு மட்டும் வரம்பு வைத்தார்கள். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பிரீமியத்தில் 30 சதவீதம், தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு 35. ஆகவே ஒரே ஏஜென்டின் பையில் இருக்கிற இரண்டு பாலிசிக்கும் கமிஷன் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று இல்லை. 'இதை எடுங்க' என்று ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னால், 'ஏன் மற்றது வேண்டாம்?' என்று கேளுங்கள்.

இன்னொன்று, 'முதல் வருஷக் கமிஷன்ல பாதி உங்களுக்கு' என்கிற ஆள். கமிஷனைத் திருப்பித் தருவது 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி தடை. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், கமிஷன் இப்போது ஏற்கெனவே குறைந்திருக்கும் நிலையில் அதில் பாதியையும் தூக்கிக் கொடுக்கிறவர், டிஸ்சார்ஜ் நாளில் உறையூரிலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு ஏன் வரப்போகிறார்?

இந்தக் கமிஷன் குறைப்பால் எனக்கு ஒரு கவலையும் உண்டு. நுகர்வோருக்காகச் செய்த வரி விலக்கு, நுகர்வோருக்காக அலைகிற ஆளைத் தொழிலை விட்டே அனுப்பிவிடக் கூடாது. பெரிய தளங்களுக்கு எண்ணிக்கை இருக்கிறது, தாங்கும். ஸ்கூட்டி அக்காவுக்கு அது இல்லை.

யாருக்கு எது?

நீங்கள் முப்பதுக்குள், நோய் நொடி இல்லை, படிவங்களைப் படிக்கத் தெரியும் என்றால் ஏஜென்ட் தேவையில்லை. ஒப்பீட்டுத் தளத்தில் பார்த்து, நிறுவனத்தின் தளத்தில் நேராக வாங்கிவிடலாம். கம்பெனி தரும் குரூப் காப்பீடு இருக்கிறதே என்று தனிப் பாலிசியைத் தள்ளிப்போடாதீர்கள். வேலை போனால் அதுவும் போய்விடும், அப்புறம் புதிதாகப் பாலிசி எடுத்தால் காத்திருப்புக் காலம் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும்.

அறுபது வயதைத் தாண்டிய பெற்றோர், அவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை, நீங்கள் இருப்பது சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ என்றால் என் பதில் யோசிக்காமல் ஏஜென்ட்தான். அதுவும் பெற்றோர் இருக்கிற ஊர் ஏஜென்ட். இந்தச் சூழ்நிலையில் தள்ளுபடி நாலு ரூபாயைப் பார்க்கக் கூடாது. சொந்தக்காரராக இருந்தால் வேண்டாம் என்பது என் சொந்த அனுபவம். தவறு செய்தால் நிற்க வைத்துக் கேட்க முடிகிற ஒருவர் வேண்டும்.

கடை, சிறு தொழில் வைத்திருப்பவர்கள் நடுவில் வருகிறார்கள். நோய் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரி டெஸ்கில் அரை நாள் நிற்க நேரமில்லை. அவர்களும் ஏஜென்ட் பக்கம் சாய்வதே நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் முதலில் தளத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, எந்தப் பாலிசி என்று தீர்மானித்த பிறகு அந்த நிறுவனத்தின் ஏஜென்டைத் தேடுங்கள். வழக்கமாக நாம் செய்வது இதற்குத் தலைகீழ்.

ஏஜென்டைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்பது? போன வருடம் எத்தனை கிளெய்ம் பார்த்தீர்கள், அதில் நிராகரித்தது எது, ஏன் என்று கேளுங்கள். எதுவுமே நிராகரிக்கப்படவில்லை என்பவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது புதியவர். ஃபார்மை அவர் நிரப்பினாலும் கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் நீங்கள் படியுங்கள். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் காத்திருப்பும் கோ-பேயும் அவர் சொன்னபடி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த 30 நாள் இருக்கவே இருக்கிறது.

இப்போதிருக்கும் பாலிசியை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்வதானால் ரினிவல் தேதிக்குக் குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். பிரச்சினை முற்றினால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, பிறகு ஆணையத்தின் 155255 எண். அதற்கும் மசியவில்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர். நமக்குச் சென்னை அலுவலகம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுக்கிறார்கள், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 2022இல் இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஃபார்மில் இருந்தது அப்பாவின் கையெழுத்து.

அம்மாவின் பாலிசியை இந்த வருடம் உறையூர் அக்காவின் நிறுவனத்துக்கு போர்ட் செய்துவிட்டோம். அப்பாவுக்கும் புதிதாக ஒன்று எழுதினார். அதே சாப்பாட்டு மேசை. பிரஷர் மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வருடத்திலிருந்து, ஸ்டென்ட் வைத்த தேதி எல்லாவற்றையும் அட்டையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பார்த்துப் பார்த்து எழுதினார். முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு நிறுவனத்தில் ஒன்று முடியாது என்றுவிட்டது. இன்னொன்று பிரீமியத்தை ஏற்றி, 20 சதவீதம் கோ-பே போட்டு, இதயத்துக்கு மூன்று வருடக் காத்திருப்போடு கொடுத்தது.

"தையில அப்பாவுக்கு எழுபது முடியுது இல்ல? அந்த அட்டையையும் பதிஞ்சிருங்க தம்பி" என்றார் அக்கா, ஃபைலுக்கு ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டே. அதில் அவருக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது.